குறைமாதக் குழந்தைக்கு பி.டி.ஏ.: மருந்து எப்போது, எவ்வளவு?

கேள்வி: 27 வாரத்தில் பிறந்த குழந்தை. எக்கோவில் (இதய ஸ்கேன்) பி.டி.ஏ. (பேட்டன்ட் டக்டஸ் ஆர்டீரியோசஸ்) என்கிறார்கள். இதயத்தில் ஓட்டையா?

பதில்: ஓட்டை இல்லை. மகாதமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் குழாய் இது. கருவில் எல்லாக் குழந்தைக்கும் உண்டு. நிறைமாதக் குழந்தைக்கு மூன்று நாளுக்குள் பெரும்பாலும் மூடிவிடும். குறைமாதக் குழந்தைக்குத் திறந்தே கிடந்தால் ரத்தம் நுரையீரலில் பெருகும், குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் குறையும்.

கேள்வி: காய்ச்சலுக்குத் தரும் இபுப்ரோஃபென் இதை எப்படி மூடும்?

பதில்: குழாயைத் திறந்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற, உடலில் உருவாகும் வேதிப்பொருள். அதன் உற்பத்தியை இம்மருந்து தடுக்கிறது. இண்டோமெத்தசினும் அப்படித்தான், 1976-இலேயே அதன் பலன் வெளியானது.

கேள்வி: (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு செவிலியர்) எங்களிடம் இபுப்ரோஃபென் சிரப்தான் இருக்கிறது. 800 கிராம் குழந்தைக்குக் கணக்கு சொல்லுங்கள்.

பதில்: வழக்கமான அளவு கிலோவுக்கு 10 மி.கி., பிறகு 24 மணி இடைவெளியில் 5, 5. மூன்று டோஸுக்கும் பிறந்த எடையையே வைத்துக்கொள்ளுங்கள். 5 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சிரப் என்றால் முதலில் 0.4 மி.லி., அடுத்த இரண்டும் 0.2 மி.லி. எடுப்பது 1 மி.லி. சிரிஞ்சில். பாட்டில் மாறி 1 மி.லி.க்கு 40 மி.கி. உள்ள சொட்டு மருந்து வந்தால் டோஸ் இரட்டிப்பாகிவிடும்; ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள்.

இதே குழாயை மூடத் தரும் பாராசிட்டமால் ஊசியில் அளவு தவறும் ஆபத்து இன்னும் பெரிது. கிலோவுக்கு 15 மி.கி., 6 மணிக்கு ஒருமுறை, மூன்று நாள். 1 மி.லி.யில் 10 மி.கி. என்பதால் இக்குழந்தைக்கு 12 மி.கி., அதாவது 1.2 மி.லி. '12' என்பதை மி.லி. என்று படித்தால் பத்து மடங்கு உள்ளே போய்விடும். சீட்டில் இரண்டு அலகையும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: இபுப்ரோஃபெனை எப்போது நிறுத்த வேண்டும்?

பதில்: சிறுநீர் மணிக்கு கிலோவுக்கு 0.6 மி.லி.க்குக் கீழே போனால் அடுத்த டோஸ் வேண்டாம். ரத்தக்கசிவு, குடல் அழற்சி, மிகக் குறைந்த பிளேட்லெட் இருந்தால் தொடங்கவே கூடாது. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்துடன் சேர்ந்தால் குடல் ஓட்டையாகும் ஆபத்து கூடும். முதல் டோஸுக்கு முன் எக்கோ கட்டாயம்: சில பிறவி இதயக் குறைகளில் இந்தக் குழாய்தான் உயிர் நாடி, அங்கே மூடுவதற்கு அல்ல, திறந்து வைக்கத்தான் மருந்து.

கேள்வி: காத்திருந்து பார்க்கலாமா?

பதில்: பலருக்குக் காத்திருக்கலாம். 28 வாரத்துக்கு முன் பிறந்து, குழாய் 1.5 மி.மீ.க்கு மேல் இருந்தவர்களை வைத்து பெனடக்டஸ் ஆய்வு (2023) நடந்தது. காத்திருந்தவர்கள் உடனே இபுப்ரோஃபென் பெற்றவர்களைவிட மோசமாகவில்லை. 2024-இல் வந்த பேபி ஆஸ்கர் ஆய்விலும் சீக்கிரம் கொடுத்ததில் பலன் தெரியவில்லை. எக்கோவில் குழாய் தெரிகிறது என்பதற்காக மட்டும் மருந்து எழுதுவதை நான் ஏற்பதில்லை. வென்டிலேட்டரிலிருந்து எடுக்க முடியவில்லை, இதயம் விரிகிறது என்றால் நிலைமை வேறு.

கேள்வி: மருந்துக்கும் மூடவில்லை என்றால்?

பதில்: பெரும்பாலும் இன்னொரு சுற்று தருவார்கள். அதற்கும் மூடாமல் குழந்தை திணறினால் அறுவை, அல்லது கதீட்டர் (ரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழல்) வழியாக அடைப்பான். 700 கிராம் முதல் பொருத்தும் அடைப்பானுக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.