வேருக்குள் வைத்த ரப்பர் குச்சி மக்கிப்போகுமா?

கேள்வி: எனக்கு வயது 44, பாலக்கோடு பக்கம் விவசாயம் செய்கிறேன். இரண்டு மாதம் முன்பு தருமபுரியில் கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டேன். எக்ஸ்ரேயில் வேருக்குள் மூன்று வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. ரப்பர் குச்சி என்றார்கள். அது உள்ளேயே மக்கி விஷமாகிவிடாதா? வலி நின்றுவிட்டதால் பல்லின் மேல் மாட்டும் உறையான கேப் போடவில்லை.

பதில்: அந்தக் குச்சியைப் பற்றிக் கவலை வேண்டாம். அதன் பெயர் கட்டா பெர்ச்சா. மலேசியா, இந்தோனேசியா பக்கம் வளரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து வருவது. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பல் மருத்துவத்தில் இருக்கிறது. குச்சியில் மரப்பால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. எக்ஸ்ரேயில் தெரிய வேண்டுமென்று பேரியம் சல்பேட் போன்ற உப்பும் சேர்ப்பார்கள். நீங்கள் பார்த்த வெள்ளை அதுதான். கீழ்க் கடைவாய்ப்பல்லின் வேருக்குள் பெரும்பாலும் மூன்று குழாய்கள் இருக்கும், அதனால் மூன்று கோடுகள்.

குச்சிக்கும் பல் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியை அடைக்க சீலர் என்ற பசை உண்டு. கிராம்பு வாசனை வந்திருந்தால், அது கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜெனாலும் துத்தநாக ஆக்சைடும் கலந்த பழைய வகை. இப்போது ரெசின், கால்சியம் சிலிகேட் வகைகளும் வந்துவிட்டன. எதைப் போட்டாலும் அதற்கு முன் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் குழாயை நன்றாகக் கழுவியிருக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கில் ஏறியது ஞாபகம் இருக்கலாம்.

எனக்குக் கவலையெல்லாம் நீங்கள் கடைசியில் சொன்னதில்தான். மேலே வைத்திருப்பது தற்காலிக அடைப்பு என்றால் அது சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அது தேய்ந்து எச்சில் உள்ளே கசிந்தால் கிருமியும் கூடவே இறங்கும். வலி இல்லாமலே வேர் நுனியில் சீழ் கட்டலாம். அப்புறம் குச்சியை எடுத்துவிட்டு முதலிலிருந்து செய்ய வேண்டிவரும். இன்னொன்று, ஏற்கெனவே சொத்தையில் பாதி போன பல் அது. கேப் இல்லாமல் கரும்பு கடித்தால் நெடுக்காகப் பிளந்துவிடலாம். வேர்வரை பிளந்த பல்லைப் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டிவரும்.

இந்த வாரமே போய் நிரந்தர அடைப்பும் கேப்பும் போட்டுக்கொள்ளுங்கள். கடைவாய்க்கு உலோகக் கேப்பே போதும், செலவும் குறைவு. வெள்ளையாக வேண்டுமென்றால் ஜிர்கோனியா என்ற பீங்கான் வகைக் கேப். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் பலருக்குப் பல்லில் பழுப்புக்கறை இருக்கும். உங்களுக்கும் இருந்தால், பக்கத்துப் பல்லோடு ஒத்த நிறத்தில் கேட்டு வாங்குங்கள். அதுவரை அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம். ஈறில் சின்னக் கொப்புளமோ கன்னத்தில் வீக்கமோ தெரிந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.