பெருநகரத்தில் யார் யார் இருக்கிறார்கள்? மக்கள்தொகை பற்றிய கேள்வி பதில்

மக்கள்தொகைக் கணக்குகளோடு இருபத்திரண்டு வருடப் பழக்கம் எனக்கு. முதல் நான்கு வருடம் மாதிரிக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாக ஏறி இறங்கினேன். அதன்பிறகு அட்டவணைகளைச் சரிபார்க்கும் வேலை. பெருநகர மக்களின் வயது, பாலினம், குடும்பம், இடப்பெயர்வு பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். சிலவற்றுக்கு நீளமாகப் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உலகின் மிகப் பெரிய நகரம் டோக்கியோ என்று படித்துப் பரீட்சை எழுதினோம். இப்போது ஜகார்த்தா என்கிறார்கள். ஏழு வருடத்தில் மூன்று கோடிப் பேர் எப்படி வந்து சேர்ந்தார்கள், மேடம்?

அத்தனை பேர் வந்து சேரவில்லை. கோடுதான் நகர்ந்திருக்கிறது. ஐ.நா. 2018இல் வெளியிட்ட நகரமயமாக்க மதிப்பீட்டில் டோக்கியோவுக்குச் சுமார் 3.7 கோடி, ஜகார்த்தாவுக்கு 1 கோடிச் சொச்சம். 2025 பதிப்பில் ஜகார்த்தா ஏறக்குறைய 4.2 கோடி, டாக்கா 3.7 கோடிக்குப் பக்கத்தில், டோக்கியோ 3.3 கோடி. முன்பெல்லாம் ஒவ்வொரு நாடும் எதைத் தன் நகர எல்லை என்று சொன்னதோ, அதை ஒட்டியே கணக்கு போனது. புதிய பதிப்பில் நிலப்பரப்பை 1 கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் 1,500 பேராவது இருக்கும் கட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போய், மொத்தம் 50,000 பேரை எட்டினால் அது நகரம். ஜகார்த்தாவின் நிர்வாக எல்லைக்கு வெளியே இடைவெளி இல்லாமல் பரவிக் கிடந்த குடியிருப்புகள் இப்படித்தான் உள்ளே வந்தன.

பெருநகரப் பகுதி என்ற சொல்லுக்கே நாட்டுக்கு ஒரு பொருள் உண்டு. இந்திய அரசியலமைப்பு 10 லட்சம் பேர் என்று வரையறுக்கிறது. அமெரிக்காவில் குறைந்தது 50,000 பேர் கொண்ட நகர்ப்புறம் நடுவில் இருக்க வேண்டும். அக்கம்பக்க மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து போகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்த்து, அந்த மாவட்டங்களையும் சேர்ப்பார்கள்; அதற்கு எல்லைக்கோடு 25 சதவீதம். பாரிஸ் நகரத்தில் சுமார் 21 லட்சம் பேர்தான், பாரிஸ் பெருநகரப் பகுதியில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். இரண்டுமே சரியான எண்கள். எந்தக் கோட்டுக்குள் எண்ணினார்கள் என்று கேட்காமல் இரண்டு நகரங்களை ஒப்பிட உட்காராதீர்கள்.

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸ் நியூயார்க்கைவிட நெருக்கமான நகரம் என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். அச்சுப்பிழையா?

பிழையில்லை. 2010 கணக்கெடுப்பின்படி லாஸ் ஏஞ்சலஸ் நகர்ப்புறத்தில் சதுர மைலுக்கு 6,999 பேர், நியூயார்க் நகர்ப்புறத்தில் 5,319 பேர். ஆனால் இரண்டு ஊரிலும் நடந்து பார்த்த யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். காரணம், நியூயார்க்கின் நடுவில் அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கின்றன, விளிம்பிலோ தோட்டத்தோடு கூடிய தனி வீடுகள் வெகுதூரம் போகின்றன. மக்கள்தொகையை நிலப்பரப்பால் வகுத்துத்தான் அடர்த்தி வருகிறது; அந்தத் தோட்டமெல்லாம் நிலப்பரப்பில் சேர்ந்துவிடுகிறது.

நிலத்தைக் கேட்பதை விட்டுவிட்டு மனிதரைக் கேட்டுப் பாருங்கள்: "உங்களைச் சுற்றி எவ்வளவு நெருக்கம்?" ஒவ்வொருவர் பதிலையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அதற்குப் பெயர் மக்கள் எடையிட்ட அடர்த்தி. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையே 2010 தரவை வைத்து, பெருநகரப் பகுதி அளவில் இதைக் கணக்கிட்டது. நியூயார்க்குக்குச் சதுர மைலுக்கு 31,000க்கு மேல் வந்தது, லாஸ் ஏஞ்சலஸுக்கு 12,000 சொச்சம். பஸ், கழிவுநீர், பள்ளிக்கூடம் என்று எதைத் திட்டமிட்டாலும் இந்த எடையிட்ட அடர்த்திதான் உதவும். சாதாரண அடர்த்தியை நம்பி எடுத்த முடிவுகளால் நெருக்கடியான தெருக்கள் மேலும் மூச்சுத்திணறியதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் நகரத்தில் ஆயிரத்துக்கு 6 பேருக்கும் குறைவாகத்தான் வருடத்துக்கு இறக்கிறார்கள். பக்கத்து நகரத்தில் 11க்கு மேல். நம் ஆஸ்பத்திரிகள் நன்றாக இருக்கின்றன என்று எழுதலாமா? (ஒரு நிருபர்)

அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள், தம்பி. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். இரண்டு ஊரிலும் மருத்துவம் அச்சு அசல் ஒரே தரம் என்று வைத்துக்கொள்வோம். 60 வயதுக்குக் கீழே ஆயிரத்துக்கு 2 பேர், 60க்கு மேலே ஆயிரத்துக்கு 40 பேர் இறக்கிறார்கள். முதல் ஊரில் முதியவர்கள் 10 சதவீதம். ஆயிரம் பேரில் 900 பேருக்கு 1.8 இறப்பு, 100 பேருக்கு 4 இறப்பு, ஆக 5.8. இரண்டாவது ஊரில் முதியவர்கள் 25 சதவீதம். 750 பேருக்கு 1.5, 250 பேருக்கு 10, ஆக 11.5. மருத்துவத்தில் துளி வித்தியாசம் இல்லை, இறப்பு வீதம் மட்டும் இரண்டு மடங்கு.

வேலைக்கும் படிப்புக்கும் இளைஞர்கள் குவியும் பெருநகரம் எப்போதுமே இப்படி ஆரோக்கியமாகத் தெரியும். வயது வாரியாகப் பிரித்து, இரண்டு ஊருக்கும் ஒரே வயதுக் கட்டமைப்பைப் பொருத்தி, அதன்பிறகு ஒப்பிடுங்கள். குற்ற வீதம், வாகன எண்ணிக்கை, மகப்பேறு என்று எதை எழுதினாலும் முதலில் வயதுக் கூம்பைப் பார்த்துவிடுங்கள், அதாவது எந்த வயதில் எத்தனை பேர் என்று குழந்தைகளைக் கீழேயும் முதியவர்களை மேலேயும் அடுக்கிக் காட்டும் படத்தை. பெருநகரங்களின் கூம்பு 20 முதல் 39 வரை புடைத்து நிற்கும். கீழே குழந்தைகள் இருக்க வேண்டிய இடம் மெலிந்திருக்கும்.

கேள்வி: தென் கொரியத் தலைநகர் சோலில் ஒரு பெண்ணுக்கு 0.55 குழந்தை என்கிறார்கள். பெருநகர வாழ்க்கை பிள்ளை ஆசையையே கொன்றுவிடுகிறதா, அக்கா?

அந்த எண் 2023ஆம் ஆண்டுக்கானது, உண்மைதான். தென் கொரியா முழுவதற்கும் அந்த வருடம் 0.72. ஒரு தலைமுறை தன் இடத்தைத் தானே நிரப்ப 2.1 வேண்டும் என்பதை வைத்துப் பார்த்தால் இரண்டுமே கவலைக்குரியவை. வீட்டு விலை, நீண்ட வேலை நேரம், பிள்ளையைப் படிக்கவைக்கும் செலவு எல்லாம் காரணங்கள்தான்.

ஆனால் சோலுக்கும் நாட்டுக்கும் உள்ள இடைவெளியில் ஒரு பகுதி கணக்கின் தன்மையால் வருவது. படிக்கவும் வேலை பார்க்கவும் மணமாகாத பெண்கள் நகரத்துக்குள் வருகிறார்கள். பிறப்புகளை வகுக்கும் எண், அதாவது பெண்களின் எண்ணிக்கை, பெருக்கிறது. கல்யாணமாகிக் குழந்தை வரும் நேரத்தில் பெரிய வீடு தேடி எல்லை தாண்டிப் போகிறார்கள். பிறப்பு அங்கே பதிவாகிறது. சோலைச் சுற்றியிருக்கும் கியோங்கி மாகாணத்தில் அதே வருடம் சுமார் 0.77. உள்நகரத்தையும் புறநகரத்தையும் சேர்த்துப் பார்க்காமல் நகரத்துப் பெண்களைப் பற்றித் தீர்ப்பு சொல்வது அநியாயம். இதை நான் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பழி எப்போதும் அவர்கள் தலையில்தான் விழுகிறது.

கேள்வி: பாலின விகிதம் 933 என்று ஓர் இடத்திலும் 107 என்று வேறோர் இடத்திலும் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டும் ஒன்றேதான். இந்தியாவில் 1,000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்று எண்ணுவார்கள். பெரும்பாலான நாடுகளில் 100 பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்று எண்ணுவார்கள். எண் ஏறினால் பெண்கள் கூடினார்களா ஆண்கள் கூடினார்களா என்பதே தலைகீழாகிவிடும், அட்டவணையின் தலைப்பைப் படியுங்கள். ஊரின் தொழிலும் இந்த எண்ணில் தெரியும். கட்டுமானத்துக்கு ஆள் எடுக்கும் துபாயில் பத்துப் பேரில் ஏழு பேர் அளவுக்கு ஆண்கள்.

கேள்வி: எங்கள் வார்டில் மக்கள்தொகை குறைந்திருக்கிறது. ஆனால் புது வீடுகள் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள், வாடகையும் இறங்கவில்லை. எங்கோ தப்பு இருக்கிறதல்லவா?

தப்பில்லை, குடும்பம் சுருங்கியிருக்கிறது. 12,000 பேர் வீட்டுக்கு நால்வராக வாழ்ந்தால் 3,000 வீடு போதும். பத்து வருடத்தில் 10,500 பேராகக் குறைந்து, வீட்டுக்கு மூவர் ஆனால் 3,500 வீடு வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு பேர் குறைந்தும் ஐந்நூறு வீடு கூடுதலாகத் தேவைப்படுகிறது. டோக்கியோ மாநகரில் 2020 கணக்கெடுப்பின்போது ஏறத்தாழப் பாதி வீடுகளில் ஒருவர்தான் குடியிருந்தார். அந்த ஒருவர் இருபத்தைந்து வயது வேலைக்காரரா, எண்பது வயதுப் பாட்டியா என்பது மிக முக்கியம். முதல் ஆளுக்கு இரவு ரயில் வேண்டும், இரண்டாமவருக்கு லிஃப்ட் வேண்டும், கதவைத் தட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். சராசரிக் குடும்ப அளவு என்ற ஒற்றை எண்ணில் இருவருமே காணாமல் போய்விடுவார்கள்.

கேள்வி: நகரம் பெருப்பதற்கு வெளியூர்க்காரர்கள் வருவதுதானே காரணம்?

மூன்று வழிகளில் பெருக்கும். இறப்பைவிடப் பிறப்பு கூடுதலாக இருப்பது ஒன்று. வந்தவர்கள், போனவர்களைவிடக் கூடுவது இரண்டு. அக்கம்பக்கக் கிராமங்களை நகரமென்று அறிவிப்பது மூன்று. வளரும் நாடுகள் பலவற்றில் பெரும்பங்கு முதல் வகை, அதாவது அங்கேயே பிறந்த குழந்தைகள். வந்தவர்களைப் பார்த்து ஆத்திரப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. வருகிறவர்களும் நினைப்பதுபோல் நெடுந்தூரத்திலிருந்து வருகிறவர்கள் அல்லர். இங்கிலாந்துக் கணக்கெடுப்பை ஆராய்ந்து புவியியலாளர் ராவன்ஸ்டைன் 1885இல் எழுதியபோதே, பெரும்பாலோர் குறுகிய தூரம்தான் நகர்கிறார்கள் என்றும், குறுகிய தூரத்தில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் நகர்கிறார்கள் என்றும் கண்டார்.

கேள்வி: ஒரு நகரத்தில் ஒரு சமூகம் தனியாக ஒதுங்கி அல்லது ஒதுக்கப்பட்டு வாழ்கிறதா என்பதை எண்ணால் சொல்ல முடியுமா? ஆய்வுக்குத் தேவைப்படுகிறது.

முடியும். வேறுபாட்டுக் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. சமூகவியலாளர்களான டங்கன் தம்பதியர் 1955இல் எழுதியதிலிருந்து எல்லோரும் கையாள்கிறார்கள். நான்கு வார்டுகள் என்று வைப்போம். ஒரு சமூகத்தின் 100 பேர் 40, 40, 10, 10 என்று பரவியிருக்கிறார்கள். மற்ற 300 பேர் 30, 60, 90, 120 என்று இருக்கிறார்கள். சதவீதமாக்கினால் முதல் கூட்டம் 40, 40, 10, 10. இரண்டாவது 10, 20, 30, 40. வார்டு வாரியாக வித்தியாசம் 30, 20, 20, 30. கூட்டினால் 100, பாதியாக்கினால் 50. இந்தச் சமூகத்தில் பாதிப்பேர் வீடு மாறினால்தான் எல்லா வார்டிலும் சமமாகக் கலந்திருப்பார்கள் என்று பொருள்.

ஒன்றை எச்சரிக்க வேண்டும். வார்டுக்குப் பதில் தெருவை அலகாக எடுத்தால் இதே ஊரில் குறியீடு ஏறும். தெருக்களில் நடக்கும் பிரிவினையை வார்டுச் சராசரி மூடிவைத்திருந்தது அப்போது தெரியும். முடிந்தவரை சிறிய அலகைக் கேட்டு வாங்குங்கள், தரத் தயங்குவார்கள், விடாதீர்கள்.

கேள்வி: தாய்மொழியைக் கேட்பதா, வீட்டில் பேசும் மொழியைக் கேட்பதா?

இரண்டையும். கனடாவில் அப்படித்தான் கேட்கிறார்கள். டொராண்டோ பெருநகரப் பகுதியில் 2021இல் 46.6 சதவீதம் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள்; அவர்கள் பிள்ளைகளின் வீட்டுமொழியைத் தனியாகக் கேட்டால்தான் பள்ளிக்கூடத்துக்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்பது தெரியும்.

கேள்வி: பகலில் நகரத்தில் இருக்கிற கூட்டம் ஏன் எந்தக் கணக்கிலும் இல்லை?

கணக்கெடுப்பு உறங்குமிடத்தை எண்ணுகிறது, அதனால்தான். டோக்கியோவின் சியோடா வட்டத்தில் 2015இல் இரவில் 58,000 பேர், பகலில் சுமார் 8.5 லட்சம் பேர். குப்பைத்தொட்டி, கழிப்பறை, ஆம்புலன்ஸ் எல்லாம் இரவுக் கணக்குக்குத்தான் ஒதுக்கப்படும் என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். எண்ணும் நாளும் முக்கியம். இங்கிலாந்து 2021 மார்ச் 21 அன்று, பொதுமுடக்கத்தின் நடுவில் எண்ணியது. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர், கென்சிங்டன்-செல்சி, கேம்டன் மூன்றிலும் 2011ஐவிடக் குறைவாக வந்தது. மாணவர்களும் வேலைக்காரர்களும் திரும்பியபிறகு அந்த எண்கள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன.

கேள்வி: நாங்கள் ஒரு சின்ன வீட்டில் பதினோரு பேர் இருக்கிறோம். கணக்கெடுக்க வந்தால் வீட்டுக்காரர் நான்கு என்று சொல்லச் சொல்கிறார். உண்மையைச் சொன்னால் எங்களுக்கு ஏதாவது ஆகுமா?

உங்கள் கேள்வியைப் படித்ததும் ஒரு வீடு ஞாபகம் வந்தது. கதவைத் திறந்தவர் நான்கு பேர் என்றார். பேசிக்கொண்டே இருந்தபோது தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு குவளை கண்ணில் பட்டது. அதில் நெருக்கியடித்துப் பல்துலக்கிகள். ஒன்பதுவரை எண்ணினேன். உள்ளே மூன்றே மூன்று படுக்கைகள். பகல் வேலைக்காரர் எழுந்து போன படுக்கையில் இரவு வேலைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் நான்கு என்றே எழுதிக்கொண்டு வந்தேன், சொன்னதைத்தான் எழுத முடியும். அந்த மீதிப் பேருக்குக் குடிநீரும் ரேஷனும் எந்தக் கணக்கில் ஒதுக்குவார்கள் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

கணக்கெடுப்பில் தனிநபர் சொன்ன விவரத்தை வெளியிடக் கூடாது என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவேட்டைப் பார்வையிட யாருக்கும் உரிமையில்லை, நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் ஏற்கப்படாது. அமெரிக்காவில் 72 வருடமும் இங்கிலாந்தில் 100 வருடமும் பூட்டிவைக்கிறார்கள். வீட்டுக்காரருக்கும் அது போகாது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை வருகிறவரிடமே கேளுங்கள், சொல்ல வேண்டியது அவர் கடமை. வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கிறார் என்றால் பிறகு வரச் சொல்லுங்கள், மறுபடி வருவார்கள். இரவு வேலைக்குப் போனவர்களின் வயதையும் சொந்த ஊரையும் இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அவர்கள்தான் விட்டுப்போகிறார்கள்.