ஹோட்டல் கார் எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்?

பயணக் கேள்விகளில் இந்த முறை விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்குப் போய்ச் சேருவது பற்றியே நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் திருமண வெள்ளிவிழாவுக்காகக் கணவரும் நானும் பாங்காக் போகிறோம். நதிக்கரையில் பெரிய ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் அறை போட்டாகிவிட்டது. ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வர ஒரு வழிக்கு 3,200 பாட் கேட்கிறார்கள். டாக்சியில் 500 பாட்டுக்குள் வந்துவிடலாம் என்கிறான் மகன். அறைக்கே அவ்வளவு கொடுத்த பிறகு இதையும் கொடுக்கத்தான் வேண்டுமா?
– கோவை வாசகி

பதில்: உங்கள் மகன் சொல்லும் கணக்கு சரிதான். சுவர்ணபூமி விமான நிலையத்தில் தரைத்தளத்துக்கு இறங்கி அங்கே இருக்கும் மெஷினில் சீட்டு எடுத்தால் உங்கள் டாக்சி எந்த எண்ணில் நிற்கிறது என்று அதில் அச்சாகியிருக்கும். மீட்டரில் ஓடும் தொகை, அதன் மேல் விமான நிலையத்துக்கான 50 பாட், விரைவுச் சாலையில் வந்தால் டோல், எல்லாம் சேர்த்து நதிக்கரை வரை 400, 500 பாட்டில் முடிந்துவிடும். ஹோட்டல் கேட்பது அதைப்போல ஆறேழு மடங்கு, நம் பணத்தில் 8,000 ரூபாய்க்கு மேல்.

இவ்வளவும் காருக்கு என்று நினைக்காதீர்கள். பல ஹோட்டல்கள் சொந்தமாகக் கார் வைத்துக்கொள்வதில்லை, ஊரில் இருக்கும் ஏதாவது வாடகைக் கார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அவர்கள் வாங்கும் தொகையின் மேல் தங்கள் பங்கையும் வைத்துவிடுவார்கள். நீங்கள் காசு கொடுப்பது பொறுப்புக்கு. விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானாலும் உங்கள் பெயர் எழுதிய அட்டையோடு ஓர் ஆள் நிற்பார், பெட்டி ஒன்று வந்து சேராவிட்டால் அவரே ஹோட்டலுக்குப் போன் போட்டுச் சொல்வார், எது பிசகினாலும் யாரிடம் கேட்பது என்ற குழப்பம் உங்களுக்கு வராது. இந்தப் பொறுப்பை இன்னொருவர் ஏற்க வேண்டிய நிலைமை இருந்தால் 3,200 பாட் கொடுக்கலாம். ஊர் ஊராகச் சுற்றிப் பழகிய இருவர், ஆளுக்கொரு நடுத்தரப் பெட்டி என்றால் டாக்சி தாராளமாகப் போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள், பாங்காக் டாக்சிகள் பலவற்றில் டிக்கிக்குள் கேஸ் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும், இரண்டு பெரிய பெட்டி வைக்கவே இடம் திணறும்.

அப்புறம் இன்னொரு விஷயம், இதைத்தான் நான் முதலில் யோசிப்பேன். சென்னையிலிருந்து பாங்காக் போகும் விமானங்களில் சில நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பி விடியற்காலையில் போய் இறங்குபவை. ஹோட்டலிலோ அறை மதியம் 2 மணி, 3 மணிக்குத்தான் கிடைக்கும். அத்தனை பாட் கொடுத்து சொகுசுக் காரில் வந்து இறங்கிவிட்டு, தூக்கம் கெட்ட கண்ணோடு லாபி சோபாவில் அரை நாள் உட்கார்ந்திருப்பதில் என்ன சுகம்? உங்கள் விமானமும் அப்படிப்பட்டது என்றால் ஹோட்டலுக்கு எழுதும்போது காருக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: காலை 8 மணிக்கு அறை கொடுக்க எவ்வளவு கூடுதலாக வாங்குவீர்கள்? வெள்ளிவிழாவுக்காக வருகிறோம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அறையைச் சீக்கிரம் வாங்க அந்தப் பணம் உதவுமென்றால் அதற்கே கொடுங்கள்.

காரும் வேண்டும் என்று மனம் கேட்டால் வரும் வழிக்கு மட்டும் சொல்லுங்கள். திரும்பும்போது வாசலில் இருக்கும் ஹோட்டல் ஊழியரே மீட்டர் டாக்சியைக் கூப்பிட்டு, எங்கே போக வேண்டும் என்று தாய்லாந்து மொழியில் சொல்லி ஏற்றி அனுப்பிவிடுவார். அந்த வழிக்கு இன்னொரு 3,200 பாட் கொடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: மகனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. தேனிலவுக்கு மாலத்தீவு. ரிசார்ட்டில் சீபிளேனுக்கு (நீரில் இறங்கும் சிறிய விமானம்) மட்டும் ஆளுக்கு 550 டாலர் (போக வர) என்கிறார்கள். அறைக்கு மலிவான விலையை வெளியில் தேடியதுபோல இதற்கும் தேட முடியுமா?
– மதுரை வாசகர்

பதில்: முடியாது. பாங்காக் கேள்விக்குச் சொன்ன எதுவும் இங்கே பொருந்தாது. மாலத்தீவில் ஒரு ரிசார்ட் என்றால் பெரும்பாலும் ஒரு தீவு, வெலானா விமான நிலையத்திலிருந்து அந்தத் தீவுக்குப் போக வழி வைத்திருப்பவர்கள் அந்த ரிசார்ட்காரர்கள்தான். சீபிளேன் இருக்கையை அவர்கள் மூலமாகத்தான் பதிவு செய்ய வேண்டியிருக்கும். இருவருக்கு 1,100 டாலர் என்பது அங்கே வழக்கமான விலைதான். அதன் மேல் சேவைக் கட்டணமும் சுற்றுலா வரியும் சேருமா, சேர்த்துத்தான் சொல்கிறார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2025 ஜூலையிலிருந்து அந்த வரி 17 சதவீதம், சேரும் என்றால் சின்னத் தொகை இல்லை.

மிச்சம் பிடிக்க வேண்டுமானால் அதற்கான இடம் தீவைத் தேர்ந்தெடுக்கும் இடம். வட மாலே, தென் மாலே பவளத்தீவுக் கூட்டங்களில் இருக்கும் ரிசார்ட்டுகளுக்கு வேகப்படகிலேயே போய்விடலாம், செலவும் குறையும், பல இடங்களில் இரவிலும் படகு ஓடும். தூரத்துத் தீவில் அறை மலிவாகத் தெரியும், சீபிளேன் கட்டணத்தைச் சேர்த்தால் பக்கத்துத் தீவின் விலைக்கே வந்து நிற்கும். ஆகவே அறையையும் போக்குவரத்தையும் கூட்டித்தான் இரண்டு ரிசார்ட்டுகளை ஒப்பிட வேண்டும். பல விளம்பரங்களில் அறையின் விலை மட்டும்தான் பெரிய எழுத்தில் இருக்கும்.

விமான டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் இதைக் கட்டாயம் மகனிடம் சொல்லுங்கள். சீபிளேன் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். மாலேயில் மாலை 4 மணி தாண்டி இறங்கினால் அன்றைக்குச் சீபிளேன் கிடைப்பது சந்தேகம், ராத்திரி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹுல்ஹுமாலேயில் ஒரு ஹோட்டலில் தங்கிவிட்டு மறுநாள் காலையில்தான் போக முடியும். அந்த இரவுக்கும் ரிசார்ட்டில் அறைக்குப் பணம் கட்டியிருப்பார்கள். மதியத்துக்கு முன்னால் இறங்கும் விமானமாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். திரும்பும் நாளிலும் அப்படியே, இரவு விமானம் என்றால் கடைசிச் சீபிளேனில் வந்து மாலேயில் சில மணி நேரம் காத்திருக்க வேண்டிவரும். கிளம்பும் நேரத்தையும் முந்தின நாள் மாலையில்தான் சொல்வார்கள், வழியில் வேறு தீவுகளில் இறங்கி ஆள் ஏற்றிக்கொள்வதும் உண்டு. 1,100 டாலர் கொடுத்துவிட்டதால் தனி விமானம் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெட்டிக்கும் எடை வரம்பு இருக்கிறது, பொதுவாக ஆளுக்கு 20 கிலோ, கையில் 5 கிலோ. கல்யாணப் பெண்ணின் பட்டுப்புடவைப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.

கேள்வி: லண்டன், பாரிஸ் இரண்டு ஊரிலும் நல்ல ஹோட்டல்களில் தங்குகிறேன். தனியாகத்தான் போகிறேன். கார் சொல்லட்டுமா?
– சென்னை வாசகர்

பதில்: இரண்டு ஊரிலும் வேண்டாம். பாரிஸில் சார்லஸ் த கோல் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் டாக்சிக் கட்டணத்தை அரசே நிலையாக வைத்திருக்கிறது. 2016-ல் வந்த ஏற்பாடு. சேன் நதியின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65 யூரோ, போக்குவரத்து நெரிசலில் மாட்டினாலும் அதே தொகைதான். உள்ளேயே வந்து டாக்சி வேண்டுமா என்று கேட்பவர்களைத் தாண்டி வெளியே இருக்கும் அதிகாரபூர்வ வரிசைக்குப் போய் நில்லுங்கள். லண்டனில் ஹீத்ரோவிலிருந்து எலிசபெத் ரயில் இருக்கிறது, நகரத்தின் நடுப்பகுதி வழியாக ஓடும் அதன் பாதையை 2022-ல் திறந்தார்கள். வசதியான பெட்டிகள், நெரிசலில் நிற்கும் எந்தக் காரையும்விட நம்பகமான நேரம். அங்கே ஹோட்டல் காருக்குக் கேட்கும் தொகைக்கு அருமையான சாப்பாடு ஒன்றே சாப்பிடலாம்.

டோக்கியோவையும் சொல்லிவிடுகிறேன், போன முறை ஒருவர் கேட்டிருந்தார். நரிதா விமான நிலையம் நகரிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். டாக்சியே 20,000 யென்னைத் தாண்டும், ஹோட்டல் கார் அதற்கும் பல படி மேலே. பெரிய ஹோட்டல்கள் பலவற்றின் வாசலிலேயே விமான நிலையப் பேருந்து வந்து நிற்கும், பெட்டியை ஊழியரே ஏற்றி இறக்குவார். ஜப்பானில் அதுதான் என் சிபாரிசு. இன்னொரு விமான நிலையமான ஹனேடாவில் இறங்கினால் தூரம் குறைவு, டாக்சி போதும்.

கேள்வி: டொரொன்டோவில் இருந்து அம்மா, அப்பாவையும் கூட்டிக்கொண்டு இலங்கைக்குப் போகிறோம். முதலில் காலி, பிறகு கண்டி, கடைசியில் யாழ்ப்பாணம். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்து காலிக்கு ஹொட்டேல்காரர் 150 டொலர் கேட்கினம். இரவு 11 மணிக்குத்தான் வந்து இறங்குவம். அப்பாவுக்கு முழங்கால் வருத்தம்.
– டொரொன்டோ வாசகி

பதில்: காருக்கு முன்னால், அன்றிரவே காலிக்குப் போகும் திட்டத்தையே மாற்றச் சொல்வேன். 2013-ல் திறந்த கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையும் தெற்கு நெடுஞ்சாலையும் இருப்பதால் பாதை நல்லதுதான், ஆனாலும் இரண்டரை மணி நேரம் ஆகும். கனடாவிலிருந்து அத்தனை நேரம் பறந்து வந்த அப்பா, குடிவரவும் பெட்டியும் முடிந்து நள்ளிரவுக்கு மேல் வெளியே வந்து, மடக்கிய முழங்காலோடு இன்னும் அவ்வளவு நேரம் உட்கார வேண்டுமா? விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே நீர்கொழும்பு இருக்கிறது, அரை மணி நேரத்துக்குள் கட்டிலில் படுத்துவிடலாம். அந்த ஓர் இரவுக்கு அங்கே தங்கும் ஹொட்டேலிடமே வாகனம் கேளுங்கள். நடுச்சாமம், வயதானவர்கள், நிறையப் பெட்டிகள். ஹோட்டல் அனுப்பும் வாகனம் அதன் விலைக்கு முழுதாகத் தகுதியாவது இப்படிப்பட்ட நேரத்தில்தான், தூரம் குறைவு என்பதால் தொகையும் பெரிதாக இராது.

மறுநாளிலிருந்து பயணம் முழுவதற்கும் ஒரே சாரதியோடு வான் ஒன்று பேசிவிடுங்கள். இலங்கையில் அது வழக்கமான ஏற்பாடு. ஒவ்வொரு ஹொட்டேலிடமும் தனித்தனியாக வாகனம் கேட்டால் ஒவ்வொரு முறையும் புது ஆள், அப்பா ஏறி இறங்க எவ்வளவு நேரம் எடுப்பார் என்பது அவருக்குத் தெரியாது. ஒரே சாரதி என்றால் இரண்டாம் நாளே எல்லாம் பழகிவிடும். சாரதி தங்க இடமும் சாப்பாடும் ஹொட்டேல் தருமா என்று முன்பே கேட்டுவிடுங்கள், பல இடங்களில் தருவார்கள், தராத இடத்தில் அவருக்கு நாம் பார்த்துச் செய்ய வேண்டும். டொரொன்டோவில் ஏறும்போதும் கட்டுநாயக்கவில் இறங்கும்போதும் அப்பாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று விமான நிறுவனத்திடம் இப்போதே பதிந்து வையுங்கள்.

கேள்வி: ஹோட்டல் காரை உறுதி செய்யும் முன் அவர்களிடம் என்னென்ன கேட்க வேண்டும்?
– திருச்சி வாசகர்

பதில்: சொன்ன தொகை ஒரு காருக்கா, ஓர் ஆளுக்கா என்பதை முதலில். வரி, டோல், பார்க்கிங், இரவுக் கட்டணம் எல்லாம் அதற்குள் அடக்கமா என்பதை அடுத்து. விமானம் தாமதமானால் எவ்வளவு நேரம் கூடுதல் பணமில்லாமல் காத்திருப்பார்கள், அந்த நேரத்தை விமானம் இறங்கியதிலிருந்து எண்ணுகிறார்களா, பதிவு செய்த நேரத்திலிருந்தா? இதில்தான் தகராறு அதிகம் வருகிறது, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை பெட்டி என்று அளவோடு எழுதுங்கள், நான்கு பேருக்குச் சரி என்று அனுப்பும் செடான் கார் நான்கு பெரிய பெட்டிகளுக்குச் சரியாக இருக்காது. ஓட்டுநரின் வாட்ஸ்அப் எண்ணும், அவர் எந்த வாசலில் நிற்பார் என்பதும் முந்தின நாளே கையில் இருக்க வேண்டும். கைக்குழந்தை இருந்தால் குழந்தை இருக்கை. பயணம் ரத்தானால் எத்தனை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும் என்பதும் முக்கியம்.

இன்னொன்று, சில ஊர்களில் காரைவிட விமான நிலையத்துக்கு உள்ளே கிடைக்கும் உதவிக்குத்தான் பணம் கொடுக்கத் தோன்றும். பாங்காக் போன்ற இடங்களில் விமானத்தின் வாசலிலேயே வந்து அழைத்துக் குடிநுழைவு வரிசையை வேகமாகத் தாண்டவைக்கும் சேவை உண்டு, ஹோட்டலே ஏற்பாடு செய்யும். நம் சென்னையிலும் ஆப் டாக்சி பிடிக்கப் பெட்டிகளோடு பலமாடி வாகன நிறுத்தம் வரை போக வேண்டியிருக்கிறது. வயதானவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து ஹோட்டலில் தங்குகிறார்கள் என்றால் வெளிவாசலில் ஹோட்டல் ஆள் ஒருவர் நிற்பது பெரிய நிம்மதி.

கேள்வி: ஹாங்காங்கில் பெனின்சுலா ஹோட்டலில் இரண்டு இரவு தங்கப் போகிறோம். வாழ்க்கையில் ஒரு முறையாவது ரோல்ஸ் ராய்ஸில் போக வேண்டும் என்று மனைவிக்கு ஆசை. வீண்செலவா?
– சேலம் வாசகர்

பதில்: இல்லை, போய் வாருங்கள். மற்ற இடங்களில் ஹோட்டல் கார் என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக. இங்கே அந்தக் காரே பார்க்க வேண்டிய ஒன்று. 1928-ல் திறந்த ஹோட்டல் அது, 1970-ல் ஏழு ரோல்ஸ் ராய்ஸ் கார்களை வாங்கியது, 2006-ல் ஃபான்டம் ரக ரோல்ஸ் ராய்ஸ் கார்கள் 14-ஐ மொத்தமாக வாங்கியது, எல்லாம் ஹோட்டலின் அடையாளமான அந்தப் பச்சை நிறத்தில். வேறெந்தக் கார் நிறுவனத்திடமும் இது கிடைக்காது, ஆகவே விலையை டாக்சியோடு ஒப்பிடவே வேண்டாம்.

ஒரு வழி மட்டும் போதும். விமான நிலையப் பாதையில் இருக்கும் சிங் மா பாலத்தைத் தாண்டும்போது கடலும் கப்பல்களும் தெரியும் என்பதால் பகலில் போகும் வழியாகப் பார்த்து எடுங்கள். உங்கள் விமானம் இரவில் இறங்குகிறது என்றால் வரும்போது ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் கவுலூன் வரை வந்து அங்கிருந்து டாக்சியில் ஹோட்டலுக்குப் போய்விட்டு, ரோல்ஸ் ராய்ஸைத் திரும்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கார்கள் எண்ணிக்கையில் குறைவு, அறை உறுதியான அன்றே தேதியும் நேரமும் சொல்லிப் பதிந்துவிடுங்கள்.