மார்பகப் புற்றுநோய்க்கான கீமோவில் வாந்தி வராமல் தடுக்க முடியுமா?

அம்மாவுக்கு அடுத்த வாரம் கீமோ ஆரம்பிக்கிறது, வாந்தி எடுத்தே ஆள் பாதியாகிவிடுவார் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள், தடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. கீமோ வார்டில் நர்ஸாகப் பல வருடம் இருக்கிறேன். உங்களைப் பயமுறுத்துகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் பழைய காலத்துக் கதை. ஒண்டான்செட்ரான் மாதிரி வாந்தித் தடுப்பு மருந்துகள் புழக்கத்துக்கு வந்தது 1990களில். அப்ரெபிடன்ட் 2003இல்தான் வந்தது. அதற்கு முன்னால் கீமோ எடுத்தவர்கள் பட்ட பாடு வேறு. இப்போது வாந்தி வந்தபின் நிறுத்துவது வேலையே இல்லை, வரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

முதலில் டாக்டரிடம் எந்த மருந்து போடப்போகிறார்கள் என்று கேளுங்கள். எல்லாக் கீமோவும் ஒன்றல்ல. டாக்ஸோருபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்ந்த ஏசி என்ற கூட்டு (சிவப்பாக ஒரு மருந்து ஏறும், அடுத்த ஓரிரு நாள் சிறுநீரும் சிவக்கும், பயப்படாதீர்கள்) வாந்தி விஷயத்தில் ரொம்ப முரட்டு மருந்து. தடுப்பு எதுவும் தராமல் ஏற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாந்தி எடுப்பார்கள். பாக்ளிடாக்ஸல், டோசிடாக்ஸல் தனியாக என்றால் தொந்தரவு மிகவும் குறைவு. ட்ராஸ்டுசுமாப் மட்டும் என்றால் அநேகமாக ஒன்றும் இருக்காது. ஆனால் அதே பெயரில் ஆரம்பிக்கும் ட்ராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான் அப்படியல்ல, குமட்டலை நன்றாகவே கிளப்பும்.

ஏசிக்கு இன்று நான்கு மருந்தைச் சேர்த்துத் தருவதுதான் வழக்கம்: ஒண்டான்செட்ரான் அல்லது பாலனோசெட்ரான், அப்ரெபிடன்ட் (இல்லையென்றால் ஊசியாக ஃபோஸ்அப்ரெபிடன்ட்), டெக்ஸாமெத்தசோன், ஓலான்சபின். "ஒரு வாந்திக்கு எதற்கு இத்தனை?" என்று கேட்காத குடும்பமே இல்லை. கீமோ ஏறியதும் சிறுகுடல் செல்களிலிருந்து செரோடோனின் கொட்டுகிறது; முதல் நாள் வாந்திக்கு அதுதான் முக்கியக் காரணம். மறுநாளிலிருந்து மூளையில் சப்ஸ்டன்ஸ் பி என்ற இன்னொரு பொருளின் கை ஓங்குகிறது. ஒண்டான்செட்ரான் முதல் கதவை அடைக்கும், அப்ரெபிடன்ட் இரண்டாவதை. ஒரு கதவை மட்டும் அடைத்தால் மற்றது வழியாக வந்துவிடும்.

நான் அழுத்திச் சொல்ல வேண்டியது இதைத்தான்: சிக்கல் ஆஸ்பத்திரியில் இல்லை, வீட்டில். முதல் நாள் ஊசியெல்லாம் போட்டு அனுப்புவோம், அம்மா தெம்பாகவே வீட்டுக்கு வருவார். "வாந்தியே இல்லையே, மாத்திரை எதற்கு" என்று மறுநாள் நிறுத்திவிடுவார்கள். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் தாமத வாந்தியின் காலம். எழுதித் தந்த நாட்களுக்கு, தொந்தரவு இல்லாவிட்டாலும், வேளை தவறாமல் கொடுங்கள்.

இப்படி அதிகம் நிறுத்தப்படுவது ஓலான்சபின். ஒருவர் மாத்திரை அட்டையோடு நேரே என்னிடம் வந்து, "இது மனநோய் மாத்திரையாமே சிஸ்டர், எங்கம்மாவுக்கு என்ன பைத்தியமா?" என்று சண்டைக்கு நின்றார். இணையத்தில் படித்துவிட்டு அவராகவே நிறுத்தியிருக்கிறார். அவருடைய அம்மா வாந்தி எடுக்கவில்லைதான், ஆனால் சாப்பாட்டுத் தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு நாள் முழுக்கப் படுத்திருந்தார். வாந்தி வெளியே தெரியும். குமட்டல் தெரியாது, கேட்டால்தான் சொல்வார்கள். ஓலான்சபினை மனநோய்க்கும் தருவார்கள்தான், ஆனால் இங்கே தருவது குமட்டலுக்கு; அதை அடக்குவதில் கெட்டிக்காரன். 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இதையும் சேர்த்து எடுத்தவர்களில் 74 சதவீதம் பேருக்கு முதல் 24 மணி நேரத்தில் குமட்டலே இல்லை. சேர்க்காதவர்களில் அது 45 சதவீதம். தூக்கம் தள்ளும் என்பது உண்மை. அதனால் இரவில் கொடுப்பார்கள். 10 மில்லிகிராமுக்குப் பதில் 2.5 மில்லிகிராமே போதும், பகல் தூக்கமும் குறைகிறது என்று மும்பை டாட்டா மெமோரியலில் நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. மயக்கமாக இருக்கிறது என்றால் நிறுத்தாமல் அளவைக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மற்றவற்றுக்கும் பக்கவிளைவு உண்டு. ஒண்டான்செட்ரான் மலச்சிக்கலும் தலைவலியும் தரும். மலச்சிக்கலே குமட்டலைக் கூட்டும், ஆகவே அதை முன்னாடியே சொல்லி மருந்து வாங்கிவிடுங்கள். டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு, காலையில் கொடுத்தால் இரவுத் தூக்கம் கெடாது. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் அந்த நாட்களில் ஏறும், கண்டிப்பாக டாக்டருக்குத் தெரிய வேண்டும். கர்ப்ப காலத்தில் மசக்கை அதிகமாக இருந்ததா, பஸ்ஸில் போனால் வாந்தி வருமா என்பதையும் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கும், வயது குறைந்தவர்களுக்கும் கீமோ வாந்தி வரும் வாய்ப்பு கூடுதல்.

சாப்பாட்டைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. சூடாக ஆவி பறப்பதைவிட ஆறியது மேல், வாசனை குறையும். தண்ணீரை வாய் வாயாகக் குடிக்கட்டும். அவருக்கு ரொம்பப் பிடித்த பண்டத்தை மட்டும் கீமோ நாளில் கொடுக்காதீர்கள், அப்புறம் ஜென்மத்துக்கும் பிடிக்காமல் போய்விடலாம். இஞ்சி சிலருக்கு இதமாக இருக்கிறது, ஆனால் அது மாத்திரைக்கு மாற்று இல்லை.

முதல் சைக்கிளில் (கீமோவின் ஒரு சுற்றைச் சைக்கிள் என்போம்) வாந்தி படுத்திவிட்டால் அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலில் ஸ்பிரிட் வாசனை பட்டதுமே, ட்ரிப் போடும் முன்பே வாந்தி எடுப்பவர்கள் உண்டு. இதற்கு முந்தின இரவு, பதற்றத்தைத் தணிக்கும் லோராசெபாம் தருவார்கள், ஓரளவுதான் கேட்கும். அதனால்தான் முதல் சைக்கிளிலேயே முழு மருந்தும் தேவை. அதையும் மீறித் தொந்தரவு இருந்தால், எந்த நாள், எத்தனை தடவை என்று குறித்துக்கொண்டு இரண்டாவது சைக்கிளுக்கு முன் சொல்லுங்கள், மருந்தை மாற்றித் தருவார்கள்.

நாள் முழுக்கத் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, எழுந்தால் தலை சுற்றுகிறது, வாந்தியில் ரத்தம், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் — இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். போட்ட மாத்திரை வாந்தியோடு வந்துவிட்டால் நீங்களாக இன்னொன்று கொடுக்காமல் அதே எண்ணில் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.