துப்பாக்கிக் குழலுக்கு வெந்நீர் எதற்கு?

கேள்வி: என் தந்தையார் காலமான பிறகு, அவருடைய .315 துப்பாக்கி முறைப்படி உரிமம் மாற்றப்பட்டு என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. ராணுவத்தில் .303 துப்பாக்கியோடு பணியாற்றிய என் தாய்மாமா, குழலை முதலில் கொதிநீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் எண்ணெய் போட வேண்டும் என்கிறார். இரும்பில் தண்ணீர் ஊற்றலாமா? துப்பாக்கியின் மரக்கட்டையைக் கழற்றித் துடைக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், தக்கலை

பதில்: உங்கள் மாமா சொல்வது அனுபவத்தில் விளைந்த உண்மை. பழைய .303 தோட்டாக்களின் பிரைமரில், அதாவது தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாக மாறிக் குழலுக்குள் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். இந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கொதிநீராக இருந்தால் குழல் சூடேறி, மிச்ச ஈரமும் தானே உலர்ந்துவிடும். பழைய இருப்புத் தோட்டாக்களைச் சுட்டிருந்தால் நீங்களும் அப்படியே கழுவுங்கள். சுடாமல் வைத்திருக்கும் துப்பாக்கிக்கு எண்ணெய்த் துணியே போதும்.

எதைத் தொடும் முன்பும் தோட்டாக்கள் அடுக்கும் மேகசினைக் கழற்றி, தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டைத் திறந்து, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணால் மட்டுமன்றி விரலாலும் தொட்டு உறுதி செய்யுங்கள். பிறகு போல்ட்டை உருவிவிட்டு, குழலைத் துடைக்கும் புல்த்ரூ கயிற்றின் பித்தளைக் குண்டைத் தோட்டா அறைப் பக்கமாக விட்டு, பிளானல் துணியோடு குழல் வாய் வழியே நேராக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் கயிறு உரசி உரசிக் குழல் வாயின் விளிம்பைத் தேய்த்துவிடும். அதன் பிறகு குறி தப்பும். போல்ட்டை அதே துப்பாக்கியில்தான் மாட்ட வேண்டும். .303-இல் போல்ட்டின் மேலும் சட்டகத்தின் மேலும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பது இதற்காகத்தான்.

கட்டையைத் தயவுசெய்து கழற்றாதீர்கள். .303-இல் பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீண்ட திருகாணியின் சதுர முனை, முன்கட்டையில் உள்ள ஒரு தகட்டுக்குள் பொருந்தியிருக்கும். முன்கட்டையை எடுக்காமல் அதைத் திருகினால், அந்த முனை சுழன்று மரத்தைப் பிளந்துவிடும். அப்படி நீளமாக வெடித்த கட்டையைக் கண்டு நான் மனம் வருந்தியதுண்டு. உங்கள் .315 துப்பாக்கியின் இயக்க அமைப்பும் .303-இன் வழிவந்ததுதான் என்பதால், முழுமையாகப் பிரிக்கும் வேலையை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடமே விட்டுவிடுங்கள். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயை நான்கைந்து துளி எடுத்து உள்ளங்கையால் தேய்த்தால் போதும்.

நம் வீடுகளில் எதற்கும் கைக்கு வருவது தேங்காய் எண்ணெய். இரும்புப் பகுதிகளுக்கு அதைப் போடாதீர்கள். அது நாளடைவில் காறிப்போய், பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய துப்பாக்கி எண்ணெயே நல்லது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையையும் பெறும் நம் குமரி மாவட்டத்தில் தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால், துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடுத்துத் துடையுங்கள்.