சகமருத்துவரிடம் கேட்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

களியக்காவிளைக்கு அருகே தனியாக கிளினிக் வைத்து மூன்று ஆண்டுகளாகின்றன. மருத்துவர்கள் மாதம் ஒருமுறை கூடி நோயாளிகளைப் பற்றிப் பேசவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பாடநூல்கள் கைபேசியிலேயே இருக்கும்போது அதனால் என்ன பயன்? தவிர, சிறிய ஊரில் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொன்னால் பெயர் கெட்டுவிடாதா?

ச.

அன்புள்ள ச.,

இந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது. அது தீர்ந்த கதையைச் சொல்கிறேன். மலையடிவாரத்தில் ரப்பர் பால் வெட்டும் பெண் ஒருவர் ஆறு நாள் காய்ச்சலோடு வந்தார். (எங்கள் பக்கத்தில் அதைப் பனி என்போம்.) விடால் பரிசோதனையை நம்பி, டைஃபாய்டு என்று முடிவுகட்டி செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டேன். மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. அன்று மாலை மார்த்தாண்டத்தில் கூடியபோது இதைச் சொன்னேன். பாறசாலையிலிருந்து வரும் மூத்த மருத்துவர், “பாவாடை நாடா கட்டும் இடத்தைப் பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. மறுநாள் செவிலியரை உடன் வைத்துக்கொண்டு பார்த்தபோது, நாடாவின் தடத்திலேயே பீடியால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கும் அதைச் சுற்றிச் சிவந்த வளையமும் இருந்தன. வலிக்காததால் அவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஸ்க்ரப் டைஃபஸ். அதைப் பரப்பும் சிற்றுண்ணியின் இளம்பருவம் துணி இறுகும் இடங்களில் கடிப்பதுண்டு. அந்த நோய் செஃப்ட்ரியாக்சோனுக்குக் கட்டுப்படாது. டாக்சிசைக்ளின் தொடங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது.

அந்த நோயைப் பற்றி நான் படிக்காமலில்லை. ஆனால் நாம் தேடியதைத்தான் பாடநூல் காட்டும். தேடவே தோன்றாததை இன்னொருவர்தான் கேட்கவேண்டும். தனியாக வைத்தியம் பார்ப்பவரிடம் குணமாகாத நோயாளி திரும்பி வருவதில்லை, வேறு மருத்துவரிடம் போய்விடுகிறார். அதனால் நம் தவறு நமக்குத் தெரியாமலேயே இருபது ஆண்டு அனுபவமாகத் திரண்டுவிடுகிறது.

பெயர் கெடும் என்ற அச்சத்துக்கு எல்லைக்கு அந்தப் பக்கமே விடை இருக்கிறது. இங்கிலாந்தில் 1952 முதல் நடந்துவரும் முறையைப் பின்பற்றி, கேரளத்தின் மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004இல் பிரசவ மரணங்களை ஆராயத் தொடங்கியபோது, தாய், மருத்துவர், மருத்துவமனை ஆகிய எல்லாப் பெயர்களையும் நீக்கிய பிறகே குறிப்புகளை எடுத்துப் பேசினார்கள். யார் செய்தது என்ற கேள்வி விலகியதும், எந்த இடத்தில் தாமதம் நேர்ந்தது என்று வெளிப்படையாகப் பேச முடிந்தது. எங்கள் கூட்டத்திலும் நோயாளியின் பெயரையோ ஊரையோ சொல்வதில்லை.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாலை மார்த்தாண்டத்துக்கு வாருங்கள். உங்களைத் தூங்கவிடாத ஒரு நோயாளியின் குறிப்பைக் கொண்டுவந்தால் போதும்.