பால் போதுமா? டயப்பரைக் கேளுங்கள்

(தாய்ப்பால் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, பிரசவப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற தாதியின் பதில்கள்)

ஈசூன் தாய்: அக்கா, குழந்தைக்கு 18 நாள். பம்ப் வைத்தால் 30 மில்லிதான் வருகிறது. பால்மாவுக்கு மாறவா?

பம்ப்பில் வருவதை வைத்துச் சுரப்பைக் கணக்கிடாதீர்கள், தங்கையே. நன்றாகக் கவ்வும் குழந்தை அதைவிட அதிகம் குடித்துவிடும். நாளுக்கு ஆறு டயப்பராவது நன்றாக நனைகிறதா? பிறந்தபோது இருந்த எடை திரும்பிவிட்டதா? இரண்டும் ஆம் என்றால் பால் போதுகிறது. இல்லையென்றால் இன்றே பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். அங்கே பால்மாவும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னால் கொடுங்கள். அதில் குற்றவுணர்வு வேண்டாம்.

உட்லண்ட்ஸ் பாட்டி: மருமகளுக்குத் தேக்காவில் பால்சுறா வாங்கிப் புட்டு செய்கிறேன். பூண்டும் வெந்தயமும் தருகிறேன். அவள் தூங்கட்டும் என்று இரவில் நானே புட்டிப்பால் கொடுக்கிறேன். ஏன் ஊறவில்லை?

அம்மா, சிக்கல் அந்த இரவுப் புட்டியில்தான். மார்பில் பால் தேங்கினால் உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும்; காலியாகக் காலியாகத்தான் ஊறும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்க வேண்டும். பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் மிகுவதும் இரவில்தான். பேரனைத் தூக்கிவந்து தாயின் மடியில் போடுங்கள், குடித்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். சுறாவில் பாதரசம் அதிகம். மத்தி, நெத்திலி நல்லது. நீரிழிவு, ஆஸ்துமா இருந்தால் வெந்தயத்தை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். பத்தியம் என்று தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். என் அம்மா நாளுக்கு ஒரு குவளைதான் தந்தார். நான் குளியலறைக் குழாயில் திருட்டுத்தனமாகக் குடித்தேன்!

ஜூரோங் தாய்: ஒரு மணி நேரம் குடித்தும் அழுகிறான். காம்பில் புண்.

பிடிப்பு சரியில்லை. காம்பை மட்டும் சப்பினால் பால் சரியாக வராது. வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். தாய்ப்பால் ஆலோசகரிடம் ஒருமுறை நேரில் காட்டுங்கள். நாக்கின் அடிச்சவ்வு பிடிப்பைத் தடுக்கிறதா என்றும் பார்ப்பார்.

தெம்பனிஸ் தந்தை: பிடிப்பு சரி, அடிக்கடியும் கொடுக்கிறாள். எடை ஏறவில்லை. தோழி ஒருவர் பால் ஊற டோம்பெரிடோன் மாத்திரை தருகிறேன் என்கிறார்.

வாங்காதீர்கள், தம்பி. அது இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது. மருத்துவர் எழுதித்தர வேண்டும். குழந்தையை உடனே காட்டுங்கள். தைராய்டு குறைவு, சினைப்பை நீர்க்கட்டி, பிரசவத்தில் மிகுந்த ரத்தப்போக்கு, கருப்பைக்குள் தங்கிய நஞ்சுக்கொடித் துண்டு, பழைய மார்பு அறுவை சிகிச்சை, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். சிலருக்குப் பால்சுரப்பித் திசுவே குறைவு. அது அவர்கள் தவறன்று.

செங்காங் தாய்: 16 வார மகப்பேறு விடுப்பு முடிகிறது. வேலைக்குத் திரும்பினால் பாலுக்கு என்ன செய்வது?

வேலையிடத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பம்ப்பில் பால் எடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாள் தாங்கும். கதவில் வைக்காதீர்கள், உள்ளே தள்ளி வையுங்கள்.